ஒழுகுவது ஓரிடம், காரணம் வேறிடம்

செங்கோட்டையைத் தாண்டி மேற்கே போகும் சாலை புளியறையில் மலையைத் தொடுகிறது. வயலும் குளமும் தென்னந்தோப்புமாகச் சமதளத்தில் வந்த பாதை, அங்கே எஸ் வளைவில் ஏறத் தொடங்கி, கோட்டைவாசல் கருப்பசாமியைக் கும்பிட்டுவிட்டு ஆரியங்காவுக்குள் நுழையும். இன்று அதற்குத் தேசிய நெடுஞ்சாலை 744 என்று பெயர். என் சிறுவயதில் 208. 1956 நவம்பர் 1ஆம் தேதி செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தபிறகு, மாநில எல்லைக்கு முந்தைய கடைசி ஊர் எங்கள் புளியறை. எல்லை இருந்தால் சோதனைச்சாவடி இருக்கும். சாவடி இருந்தால் வரிசை இருக்கும். எண்பதுகளில் அந்த வரிசையில் நின்றால் லாரியில் ஏற்றிய வைக்கோல் வாசனையோடு பெட்ரோல் வாசனையும் சேர்ந்து அடிக்கும்.

அந்த வாசனைக்குக் காரணம் உண்டு. தென்மலைப் பக்கமிருந்து ஏறிவரும் கார் இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலுமாக மூச்சுவாங்கி வரும். எஞ்சின் நன்றாகக் கொதித்திருக்கும். ஓடும்வரை விசிறியும் எதிர்க்காற்றும் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். வரிசையில் நிறுத்தி எஞ்சினை அணைத்தவுடன் சூட்டுக்குப் போக்கிடம் இல்லை. இரும்பிலிருந்து மேலே ஏறிக் கார்புரேட்டரைப் பிடிக்கும். அதன் கிண்ணத்தில் நிற்கும் கொஞ்சம் பெட்ரோல் கொதித்து, ஜெட் வழியே பொங்கி எஞ்சினுக்குள் சொட்டும். பத்து நிமிஷம் கழித்து டிரைவர் சாவியைத் திருப்புவார். ஸ்டார்ட் ஆகாது. பதற்றத்தில் ஆக்சிலேட்டரை நாலு மிதி மிதிப்பார். இன்னும் கொஞ்சம் பெட்ரோல் உள்ளே போகும், பிளக் நனையும், கார் அங்கேயே குடியிருக்கும். குற்றாலத்தில் சாரல் விழும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இப்படிப் படுத்துக்கொள்ளும் அம்பாசடரும் பத்மினியும் எங்கள் சாலையோரத்தில் எப்போதும் உண்டு.

அவற்றை எழுப்பிவிட ஒரு மெக்கானிக் இருந்தார். பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சிதான். மலை ஏற்றம் தொடங்குவதற்கு முன்னால், ஒரு பெரிய புளியமரத்தடியில் தகரக் கொட்டகை. உள்ளே ஒரு மரப்பெட்டி நிறைய ஸ்பேனர், ஒரு வாளி மணல், கட்டுக்கட்டாகப் பனியன் வேஸ்ட். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் கிடப்பேன். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதும், பெட்ரோலில் பாகங்களைக் கழுவுவதும், பீடியோடு வருகிறவர்களைக் கொட்டகைக்கு வெளியே நிறுத்துவதும் என் வேலை. கடைசி வேலைதான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்று அண்ணாச்சி சொல்வார். பேட்டரி வயரைக் கழற்றாமல் அவர் ஒரு பெட்ரோல் குழாயைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

"ஓவர்ஃப்ளோ ஆகுது அண்ணாச்சி" என்று யார் வந்து நின்றாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எப்ப ஒழுகுது?" எங்கே என்பது அடுத்த கேள்வி. ஓடும்போது ஒழுகினால் ஒரு கணக்கு. ஓடிக் களைத்து நின்றபின் ஒழுகினால் வேறு கணக்கு. ராத்திரி நிறுத்திவிட்டுப் போய், காலையில் தரையில் ஈரம் கண்டால் அது மூன்றாவது கணக்கு. முதலாவதில் நீடிலையும் மிதவையையும் பம்பையும் சந்தேகப்படுவார். இரண்டாவது பெரும்பாலும் வெறும் சூடு. ஈரத்துணியைப் பம்பிலும் கார்புரேட்டர் மேலும் போட்டு, பானெட்டைத் திறந்துவைத்து, உரிமையாளரைக் காப்பிக்கு அனுப்பிவிடுவார். மூன்றாவதற்கு பேக்கிங், வாஷர், ஜெட்டின் அடியில் இருக்கும் கார்க் வளையம் என்று சத்தமில்லாமல் கசியும் இடங்களைத் தேடுவார். ஒரு கேள்வியில் பாதி வேலை முடிந்துவிடும்.

கார்புரேட்டர் என்பது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து குழாயை மூடுகிறதே, அதே வேலைதான். பெட்ரோல் கிண்ணத்துக்குள் ஏற ஏற மிதவை எழும்பும்; எழும்பி ஒரு ஊசியை அதன் இருக்கையில் அழுத்தும்; வரத்து நிற்கும். எஞ்சின் குடித்ததும் மட்டம் இறங்கும், ஊசி விலகும், மறுபடி வரும். இந்த மட்டம் ஒரு நூல் ஏறினாலும் ஜெட் வழியாக வழியும், அல்லது கிண்ணத்தின் வழிவுத் துளையில் கொட்டும். மட்டம் ஏறக் காரணங்கள் சிலதான். ஊசி தேய்ந்திருக்கலாம். ஊசிக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு தூசி நிற்கலாம். பித்தளை மிதவையில் ஊசித்துளை விழுந்து உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கலாம். மிதவையின் கை வளைந்திருக்கலாம். மூச்சுத்துளை அடைபட்டிருக்கலாம். இல்லையென்றால், பம்ப் தள்ளும் வேகத்தை ஊசியால் தாங்க முடியாமல் இருக்கலாம். இவ்வளவுதான். ஆனால் ஆறு காரணத்துக்கும் வெளியே தெரியும் அடையாளம் ஒன்றே: ஈரம்.

அந்த ஆறையும் ஒவ்வொன்றாகத் தள்ளி உண்மையானதைப் பிடிப்பது எப்படி என்று நான் பார்த்துக் கற்றது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில்.

ஹெரால்டு இங்கிலாந்தில் 1959இல் வந்த டிரையம்ஃப் கார். 1961 முதல் அதைச் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தயாரித்தது. 948 சிசி எஞ்சின், மிச்செலோட்டி வரைந்த உடல், முன்சக்கர மட்கார்டுகளோடு மொத்தமாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும் பானெட். அதைத் திறந்துவிட்டால் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். மெக்கானிக்குகளுக்கு அந்தக் கார் மேல் தனிப் பாசம். சாதாரண ஹெரால்டில் ஒரு சோலெக்ஸ் கார்புரேட்டர் இருக்கும். அந்த எஞ்சினின் திறன் 35 குதிரைசக்தியை ஒட்டித்தான். சீமையில் அதே எஞ்சினுக்கு இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர் வைத்து 45 வரை எடுத்தார்கள். சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க்கால விமானத் தளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில் இப்படி மெருகேற்றிய ஹெரால்டுகள் ஓடின. அவற்றில் ஒன்று, பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்று, கொல்லத்துக்கு விலைபோகும் வழியில் எங்கள் புளியமரத்தடியில் வந்து நின்றது. வாங்கியவரே ஓட்டி வந்திருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, இரண்டு கார்புரேட்டரிலிருந்தும் பெட்ரோல் வடிந்துகொண்டிருந்தது.

"மதுரையில நீடில் மாத்தியாச்சு அண்ணாச்சி. ராஜபாளையத்துல மறுபடி மாத்துனாங்க. புது செட்டு. ஓட்டும்போது சரியாத்தான் இருக்கு. எங்கயாவது ஸ்லோவுல நின்னா கொட்டுது."

அண்ணாச்சி எஞ்சினை அணைக்கச் சொன்னார். பேட்டரி வயரைக் கழற்றினார். ஆறட்டும் என்று காத்திருந்தார். பிறகு இரண்டு கார்புரேட்டரையும் பனியன் வேஸ்டால் ஒரு பொட்டு ஈரமில்லாமல் துடைத்து, குட்டிக்குரா பவுடர் டப்பாவை எடுத்து மேலெல்லாம் தூவினார். உரிமையாளருக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணாச்சி பம்பின் அடியில் இருக்கும் சின்ன நெம்புகோலை விரலால் அசைத்துக் கையாலேயே பெட்ரோலை ஏற்றினார். கிண்ணம் நிறைந்து விரலில் இறுக்கம் தெரிந்தபின்னும் விடாமல் அசைத்தார். வெள்ளைப் பவுடரில் ஈரம் பட்ட இடம் மட்டும் கறுத்துக் கோடு போட்டது. இரண்டு கோடும் கிண்ண மூடியின் வழிவுத் துளையில் தொடங்கின. பேக்கிங் இல்லை, வாஷர் இல்லை, ஜெட் அடி இல்லை. ஒரு வேளை வேலை மிச்சம்.

அடுத்தது மூடிகளைக் கழற்றினார். மிதவையை எடுத்து என் காதருகே வைத்து ஆட்டினார். "ஏலே, உள்ள களக் களக்னு கேக்கா?" கேட்கவில்லை. வென்னீரில் அமுக்கிப் பிடித்தார். ஓட்டை இருந்தால் உள்ளே உள்ள காற்று சூட்டில் விரிந்து குமிழியாக வரும். வரவில்லை. மூடியைக் கவிழ்த்து, மிதவையின் கைக்கு அடியில் டிரில் பிட்டின் தண்டைக் கொடுத்து இடைவெளி பார்த்தார். சரியாக இருந்தது. மூடியைக் கவிழ்த்தபடியே வரத்துக் குழாயில் வாயை வைத்து ஊதினார். ஊசி காற்றைப் பிடித்து நிறுத்தியது. மூச்சுத்துளையில் மெல்லிய கம்பி தடையில்லாமல் போய்வந்தது.

ஐந்தும் சரி. உரிமையாளர் முகம் வாடிவிட்டது. அண்ணாச்சியின் முகம் தெளிந்திருந்தது. "சார், ரெண்டு கார்புரேட்டர். ரெண்டுலயும் ஒரே நாள்ல, ஒரே மாதிரி நீடில் கெட்டுப்போகுமா? ரெண்டுக்கும் பொதுவா இருக்கது எது?"

பம்ப்.

ஒரு பழைய பெட்ரோல் டின்னை எடுத்து, அடியில் குழாய் மாட்டி, புளியமரக் கிளையில் கயிறு போட்டுத் தொங்கவிட்டார். கார்புரேட்டருக்கு மேல் ஒரு மீட்டர் உயரம் இருக்கும். அந்த உயரத்திலிருந்து தானாக இறங்கும் பெட்ரோல் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய ஒரு பவுண்டு அழுத்தம்தான் தரும். பம்பின் குழாயை அடைத்துவிட்டு, டின்னின் குழாயைக் கார்புரேட்டர்களுக்கு இணைத்து எஞ்சினை ஸ்டார்ட் செய்தார். ஸ்லோவில் நின்றது. நாங்கள் மூன்று பேரும் பவுடரைப் பார்த்துக்கொண்டே நின்றோம். ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

ஹெரால்டின் பம்ப் ஒன்றரை முதல் இரண்டரை பவுண்டு அழுத்தம் தரவேண்டியது. அதைப் பிரித்தபோது டயஃப்ரத்துக்கு அடியில் இருந்த ஸ்பிரிங் அந்தக் காருக்கு உரியதே இல்லை. கம்பி தடிமன், சுற்று அதிகம். பந்தயத்தில் யாரோ போட்டது. முழு ஆக்சிலேட்டரில் எஞ்சின் பெட்ரோலை அள்ளிக் குடிக்கும்வரை அந்த அழுத்தம் தெரியாது. ஸ்லோவில் நிற்கும்போது குடிக்க ஆளில்லை. அத்தனை அழுத்தமும் ஊசியின் மேல் விழும். மிதவையால் பிடிக்க முடியாது.

வேறு யாராயிருந்தாலும் பழைய ஸ்பிரிங்கைப் போட்டு அனுப்பியிருப்பார்கள். அண்ணாச்சி தேடலை அங்கே நிறுத்தவில்லை. "ஒருத்தன் காரணமில்லாம ஸ்பிரிங்க மாத்த மாட்டான்லா? அவனுக்கு என்ன குறை வந்துச்சு?" காரின் அடியில் படுத்து, டேங்கிலிருந்து வரும் குழாயைக் கையால் தடவிக்கொண்டே முன்னால் வந்தார். சேஸிஸை ஒட்டி ஓரிடத்தில் குழாய் நசுங்கியிருந்தது. எப்போதோ ஜாக்கியை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். நசுங்கிய குழாயில் பெட்ரோல் போதாமல் நேர்ப்பாதையில் வண்டி திணறியிருக்கும். திணறலுக்கு மருந்தாக வலுவான ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கின் விளைவு இந்த ஒழுகல். ஒழுகலுக்கு மருந்தாக இரண்டு ஊரில் இரண்டு புது ஊசி. குழாயை வெட்டி மாற்றி, பழுதான ஒரு ஹெரால்டு பம்பிலிருந்து எடுத்த ஸ்பிரிங்கைப் போட்டபின், அந்தக் கார் எஸ் வளைவில் ஏறிப் போனது. சாவடி வரிசையில் எஞ்சின் ஓட நின்றும் ஒழுகவில்லை என்று அடுத்த முறை வந்தபோது உரிமையாளர் சொல்லிவிட்டுப் போனார்.

நோய் நாடி நோய் முதல் நாட வேண்டும் என்று பள்ளியில் படித்திருந்தேன். அது வைத்தியருக்குச் சொன்னது என்றுதான் அதுவரை நினைப்பு.

இனி இன்றைக்கு வருகிறேன்.

கார்புரேட்டர் ஒரே நாளில் போய்விடவில்லை. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800இலும் கார்புரேட்டர்தான். சென்னையின் யூகால் நிறுவனம் ஜப்பானின் மிகுனியோடு சேர்ந்து கார்புரேட்டர் செய்தது.  2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயம் கலக்காத பெட்ரோல் வந்தது. அதே காலத்தில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகி, புதுக் கார்களில் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. பத்மினி நின்றது. 2014இல் அம்பாசடரும் நின்றது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்ததும் பெரும்பாலான புதுப் பைக்குகளும் கார்புரேட்டரைக் கைவிட்டன.

ஊரும் மாறியது. 1904இல் போட்ட மீட்டர்கேஜ் ரயில் பாதை 2018இல் அகலப்பாதையாகி, செங்கோட்டையிலிருந்து புனலூருக்குப் பெரிய ரயில் ஓடுகிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் விற்பனை வரிச் சாவடியின் பழைய வரிசை இல்லை. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. புளியமரத்தடிக் கொட்டகை இருந்த இடத்தில் அண்ணாச்சியின் மகன் சிமென்ட் தளம் போட்ட ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். கார் வந்ததும் ஸ்டியரிங்கின் அடியில் உள்ள சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகுகிறார். எந்த சென்சார், என்ன பிழை எண் என்று திரை சொல்கிறது. வேறெந்த வரிசையில் நின்றாலும் இன்று பெட்ரோல் வாசனை வராது. டேங்கில் எழும் ஆவியைக்கூட ஒரு கரிக் குப்பியில் பிடித்துவைத்து எஞ்சினுக்கே திருப்பி அனுப்புகிறார்கள்.

இது நல்ல மாற்றம். இதை நான் மனதார வரவேற்கிறேன். அன்று மழையோடு ஒழுகி ஓடைக்குப் போன பெட்ரோலும், ஒழுகிய பெட்ரோல் சூடான எக்ஸாஸ்ட் குழாயில் பட்டுத் தீப்பிடித்த கார்களும் என் நினைவிலிருந்து போகவில்லை. அந்தக் காலம் பொற்காலம் என்று சொன்னால், அது தீயணைத்த கைகளுக்குச் செய்யும் துரோகம்.

ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்றைய பம்பின் இரண்டு பவுண்டு அழுத்தம் இன்று சாதாரண இன்ஜெக்ஷன் காரில் நாற்பது பவுண்டுக்கு மேல். எஞ்சினுக்குள் நேரடியாகப் பீய்ச்சும் புதிய பெட்ரோல் கார்களில் அது இருநூறு பாரைத் தொடும். அந்தக் குழாயில் ஊசித்துளை விழுந்தால் சொட்டாது. கண்ணுக்குத் தெரியாத தூறலாகப் பீய்ச்சும். அழுத்தத்தை இறக்காமல் நட்டைத் தளர்த்தக் கூடாது. ஸ்கேனர் அழுத்தம் குறைகிறது என்று சொல்லும். குறைவது பம்பாலா, அடைத்த ஃபில்டராலா, கசியும் இன்ஜெக்டராலா என்பதை ஆள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஆள் 'எப்ப?' என்று கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

இதற்கிடையில் கார்புரேட்டர் கார்கள் திரும்பி வந்திருக்கின்றன. சாரல் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில், பளபளவென்று பெயின்ட் அடித்த பத்மினியும் கான்டெசாவும் ஹெரால்டும் கூட்டமாக எங்கள் சாலையில் ஏறுகின்றன. ஓட்டுகிறவர்களில் பலர் அந்தக் கார் நின்றுபோனபின் பிறந்தவர்கள். தாத்தாவின் காரை மீட்டெடுத்தவர்கள், தேடி விலைக்கு வாங்கியவர்கள். அவர்களைப் பார்க்க எனக்கு மனம் நிறைகிறது.

அந்தக் கார்களுக்கு இன்று ஒரு புதுச் சோதனை. 2003இல் சில மாநிலங்களில் ஐந்து விழுக்காட்டில் தொடங்கிய எத்தனால் கலப்பு, 2025இல் இருபது விழுக்காட்டை எட்டிவிட்டது. 2030க்கு என்று வைத்திருந்த இலக்கை ஐந்து வருஷம் முன்னுக்கு இழுத்து எட்டியிருக்கிறார்கள். 2023 ஏப்ரலுக்குப் பிந்தைய கார்களின் ரப்பரும் பிளாஸ்டிக்கும் அதற்கு ஏற்பச் செய்தவை. அறுபதுகளின் ஹெரால்டுக்கு யார் செய்வார்கள்? எத்தனால் பழைய ரப்பர் குழாயை ஊதவைக்கும், பிறகு வெடிக்கவைக்கும். காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சாரல் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. நாள்கணக்கில் நிற்கும் காரின் கிண்ணத்தில் அந்த ஈரம் துத்தநாகக் கலவை உலோகத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எத்தனால் ஒரு நல்ல கரைப்பான். பழைய டேங்கின் சுவரில் ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கிடந்த துருவையும் பிசினையும் இளக்கிவிடும்.

கடந்த சீசனில் அப்படி ஒரு ஹெரால்டு, இரண்டு கார்புரேட்டர் வைத்தது, வந்து நின்றது. பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் ஒரு தம்பியுடையது. பின் கார்புரேட்டர் ஒழுகியது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ரிப்பேர் கிட் போட்டிருக்கிறார். ஒழுகியதும் இன்னொன்று போட்டிருக்கிறார். கையில் மூன்றாவது கிட் இருந்தது. அண்ணாச்சியின் மகன் ஸ்கேனரைச் செருக அதில் சாக்கெட்டே இல்லை. "அண்ணே, அப்பா இருந்தா என்ன கேப்பாரு?" என்று என்னைப் பார்த்தார். எப்ப ஒழுகுது என்று நான் கேட்டேன்.

"சொல்ல முடியல சார். சில நேரம் கொட்டுது. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால கிண்ணத்த ரெண்டு தட்டு தட்டினா நின்னுடுது. அப்புறம் பத்து கிலோமீட்டர் கழிச்சு மறுபடி."

பதில் அதிலேயே இருந்தது. தேய்ந்த ஊசி தட்டினால் சரியாகாது. ஓட்டை மிதவை தட்டினால் மிதக்காது. பம்பின் அழுத்தம் அதிகமென்றால் இரண்டு கார்புரேட்டரும் ஒழுகும். ஒன்று மட்டும், விட்டு விட்டு, தட்டினால் நிற்கிறது என்றால் ஊசிக்கும் இருக்கைக்கும் நடுவே ஏதோ வந்து சிக்குகிறது, தட்டும்போது விலகுகிறது. அண்ணாச்சியின் மகன் பேட்டரியைக் கழற்றி, மூடியைத் திறந்து, கிண்ணத்தின் அடியில் விரலை ஓட்டினார். விரல் நுனியில் செம்பழுப்பாக நறநறவென்று துகள். கண்ணாடிக் கிளாஸில் டேங்கின் அடிப் பெட்ரோலை வடித்து வெயிலில் பிடித்தார். அதே துகள் மெல்லச் சுழன்று அடியில் படிந்தது.

மூன்றாவது கிட்டை அவர் பிரிக்கவிடவில்லை. டேங்கை இறக்கிக் கழுவி, டேங்குக்கும் பம்புக்கும் நடுவே ஒரு ஃபில்டர் வைத்து, எத்தனால் தாங்கும் ரப்பர் குழாய்களைப் போட்டார். ஊசியைத் துடைத்து அதே ஊசியை மாட்டினார். கார் எஸ் வளைவில் ஏறிப் போனது.

அன்று ஒழுகியது கார்புரேட்டரில், காரணம் டேங்குக் குழாயில் பட்ட ஜாக்கி. இன்று ஒழுகியது கார்புரேட்டரில், காரணம் டேங்குக்குள் இளகிய துரு. அன்று மதுரையிலும் ராஜபாளையத்திலும் மாற்றியது ஊசியை. இன்று பெங்களூரில் மாற்றியது கிட்டை. கருவி மாறியிருக்கிறது, பாகம் கிடைப்பது எளிதாகியிருக்கிறது, பெட்ரோலே மாறியிருக்கிறது. ஒழுகும் இடத்தைக் கண்டதும் அதையே குற்றவாளியாக்கும் அவசரம் மட்டும் மாறவில்லை. பாகம் எளிதாகக் கிடைப்பதால் அந்த அவசரம் கூடியிருக்கிறது என்றே நினைக்கிறேன். அண்ணாச்சிக்குப் புது ஊசி வேண்டுமென்றால் மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும். ஆகவே ஊசியைக் குற்றம் சொல்வதற்கு முன் மற்ற ஐந்தையும் பார்த்துவிடுவார். இன்று போனில் ஒரு தட்டு தட்டினால் கிட் வீட்டுக்கு வருகிறது. யோசிப்பதைவிட மாற்றுவது மலிவாகிவிட்டது.

தொழிற்பயிற்சி நிலையங்களில் கார்புரேட்டரைப் பழைய பாடம் என்று ஒதுக்குகிறார்கள். ஒரு வேலை நாள் அதற்குக் கொடுக்கச் சொல்லி நான் கேட்டுக்கொள்வேன். நாளைக்கு அவர்கள் கார்புரேட்டர் பார்க்கப் போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் காரணம் தேடக் கற்றுக்கொள்ள அதைப்போன்ற கரும்பலகை வேறில்லை. எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஊசி உட்காருவதைப் பார்க்கலாம், மிதவையைக் காதில் கேட்கலாம், அழுத்தத்தை ஒரு டின்னையும் கயிற்றையும் வைத்து அளக்கலாம். அங்கே பழகிய வரிசை இருநூறு பார் குழாயிலும் உதவும், மின்சாரக் காரின் பேட்டரியிலும் உதவும்.

பழைய காரோடு எங்கள் மலை ஏறி வருகிற தம்பி தங்கைகளுக்குச் சொல்ல இருப்பது இது. புறப்படுமுன் ரப்பர் குழாய்களை விரலால் மடக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். டேங்குக்கும் பம்புக்கும் நடுவே ஒரு ஃபில்டர் இருக்கட்டும். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். காரில் தீயணைப்புக் குப்பி ஒன்று, கைக்கெட்டும் இடத்தில், கட்டாயம் வேண்டும். ஏறி வந்து நின்றதும் பானெட்டைத் திறந்து சூட்டை வெளியே விடுங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் எஞ்சினை அணையுங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள், ஆறும்வரை காத்திருங்கள். கிட்டைப் பிரிப்பதற்கு முன்னால் ஒரு காகிதம் எடுத்து மூன்று வரி எழுதுங்கள்: எப்போது ஒழுகுகிறது, எந்தத் துளையில் தொடங்குகிறது, ஒன்றிலா இரண்டிலுமா. அந்த மூன்று வரியையும் நேர்மையாக எழுதி முடித்தால், பெரும்பாலும் கிட் தேவைப்படாது.